எஞ்சின் நின்னா என்ன ஆகும்?

எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் கிளட்ச் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர், அவர் வகுப்பெடுக்கும் நேரத்தில் தெருவோரமாக நடந்துபோய் அந்தத் திட்டைக் காதால் கேட்டவர்கள். "கிளட்ச்! கிளட்ச்ச மிதிங்க சார்! வண்டி என்ன உங்க மனசைப் படிச்சிட்டா நிக்கும்?" என்று, ஏற்றிவிட்ட கண்ணாடியையும் தாண்டி வரும் அந்தக் குரல்தான் அவருக்குப் பெயர் வைத்தது.

ஓட்டுநர் பள்ளி என்று பலகையில் எழுதியிருந்தாலும் அது ஒரு சலவைக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த ஒற்றை அறைதான். உள்ளே ஒரு மேசை, சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். வெளியே, கூரையில் மஞ்சள் பலகை வைத்த இரண்டு கார்கள். அந்தக் கார்களில் பயிற்சியாளர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் கோட்டை விட்டால் அக்காவின் கால் காப்பாற்றும். அக்காவின் வீட்டுக்காரர் அடுத்த தெருவில் பூட்டு சாவிக் கடை வைத்திருந்தார். பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வெளியூர் போயாயிற்று.

பயந்தாங்கொள்ளிகளை ஓட்டவைப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்டியரிங்கைக் கண்டாலே கை நடுங்குகிறவர்களை மற்ற பள்ளிக்காரர்களே அவரிடம் அனுப்புவார்கள். அவர்களை மட்டும் அக்கா திட்டமாட்டார். "பயம் வர்றது ஒண்ணும் தப்பில்ல. எங்க உக்காந்திருக்குன்னு சொல்லுங்க. கையிலயா, கால்லயா, வயித்துலயா?" என்று கேட்பார். கேட்ட மாத்திரத்திலேயே பாதி பயம் இறங்கிவிடும்.

அப்படி ஒருநாள் வந்து சேர்ந்தவர்தான் கேப்டன். ஊர்க்கோடியில் மரவாடிக்குப் பின்னால் இருந்த சிறு விமான சங்கத்தை நடத்திவந்தவர். அறுபதைத் தாண்டிய மனிதர், வெள்ளை மீசை, இஸ்திரி கலையாத சட்டை. இத்தனை காலமும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனது அவர் மனைவி. அந்த அம்மாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆனதும் கேப்டன் நடுத்தெருவில் நின்றார்.

"நாப்பது வருஷமா பிளேன் ஓட்டுறேன் டீச்சர். ஆனா கார்ல ரிவர்ஸ் எடுக்கணும்னா சட்டையெல்லாம் நனைஞ்சு போகுது."

"அது ஏன் சார் அப்படி?"

"பிளேன்ல ரிவர்ஸே கிடையாதும்மா."

அக்கா சிரித்த சிரிப்பில் சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியோடு எட்டிப் பார்த்தார்.

இரண்டு முறை தேர்வில் தோற்று, மூன்றாம் முறை கேப்டன் இரண்டு லாரிகளுக்கு நடுவில் காரைப் பின்னோக்கிச் செருகி நிறுத்தினார். இறங்கிவந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். "இனி நீங்க என் வண்டியில ஏறணும். மறுக்கக் கூடாது."

அக்கா அந்தச் சங்கத்து வாசல் வழியாக எத்தனையோ முறை கார் ஓட்டிப் போயிருக்கிறார். கம்பி வேலி, துருப்பிடித்த கேட், அதில் 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்ற பலகை. அதற்கு அப்பால் இருப்பது தனக்கும் ஏதோ ஒரு விதத்தில் சம்பந்தப்பட்டது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உள்ளே போனால் நீண்ட புல்தரை, ஒரு தகரக் கொட்டகை, கம்பத்தில் காற்றின் திசை காட்ட உப்பி ஆடும் ஒரு துணிப்பை. கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் வெள்ளை விமானம் ஒன்று, நாலு பேர் உட்காரும் நீல விமானம் ஒன்று. மூலையில் இறக்கையும் எஞ்சினும் கழற்றிப் போட்ட ஒரு பழைய விமானத்தின் வெறும் கூடு.

வெள்ளை விமானத்தில் கேப்டனுக்குப் பக்கத்தில் அக்கா ஏறி உட்கார்ந்தார். புல்மேல் உருண்டு போகும்போது கேப்டன், "காலாலதான் திருப்பணும், மிதிச்சுப் பாருங்க" என்றார். இருபது வருடப் பழக்கம் விடுமா? அக்காவின் இடது கால் சட்டென்று அடிவரை மிதித்தது. விமானம் கொட்டகைப் பக்கம் திரும்பி ஓடியது.

"கிளட்ச் இல்லம்மா! அது கிளட்ச் இல்ல!"

ஊரையே கிளட்ச் மிதிக்க வைத்தவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி ஒரு திட்டு விழுந்தது.

பிறகு எஞ்சின் உறுமியது. புல் பின்னால் ஓடியது. சக்கரத்தின் தடதடப்பு நின்றுபோன கணத்தில், ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் அக்கா நினைத்தார். உடைந்ததெல்லாம் ஒன்றுமில்லை, தரை விட்டுப்போயிருந்தது. மரவாடியின் மரக்கட்டைகள் தீக்குச்சிகளாக, கால்வாய் ஒரு வெள்ளிக் கம்பியாக, நெரிசலில் உயிரை எடுக்கும் கடைத்தெரு ஒரு விரல் நீளத்துக்குச் சுருங்கிக் கீழே கிடந்தது. அந்தத் தெருவில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. பள்ளி வாசலில் நிற்கும் தன்னுடைய காரின் கூரைப் பலகை என்று தெரிந்ததும் அக்கா அதைக் கண்ணாடிமேல் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப ஓட்டுறது நீங்கதான்" என்று கேப்டன் கையை எடுத்துவிட்டார்.

"ஐயோ சார், பிடிங்க சார்!"

"உங்க கார் மாதிரிதான் டீச்சர். எனக்கும் இந்தப் பக்கம் எல்லாம் இருக்கு. நீங்க விட்டா நான் பிடிப்பேன்."

அந்த வார்த்தையை அக்கா எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார்! சொல்லக் கேட்டது அன்றைக்குத்தான். விரல் நுனியால் மெல்லத் தொட்டார். விமானம் லேசாகச் சாய்ந்தது. மறுபடி தொட்டார், நிமிர்ந்தது. அவ்வளவு பெரிய பொருள், ஒரு பூனைக்குட்டிபோலச் சொன்ன பேச்சைக் கேட்டது.

இறங்கிய பிறகும் அக்கா இருக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"சார், இதை யாரெல்லாம் கத்துக்கலாம்?"

"கண்ணு தெரியணும், காது கேக்கணும், உடம்பு ஒழுங்கா இருக்குன்னு டாக்டர் சொல்லணும். கொஞ்சம் படிக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அப்ப ஏன் சார் ஊர்ல ஒருத்தரும் வரல?"

கேப்டன் யோசித்தார். "யாரும் வந்து கேட்டதில்ல. நாங்களும் போய்ச் சொன்னதில்ல."

அன்று சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்த வீட்டுக்காரரிடம் அக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் மூன்றாம் மாடியில் துணி காயப்போடவே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவர். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"எஞ்சின் நின்னா என்ன ஆகும்?"

"கேப்டன் பார்த்துப்பாரு."

"கேப்டன் இல்லாதப்ப?"

"நான் பார்த்துப்பேன்."

அவர் கடைச் சாவிக்கொத்தை எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "பூட்டுக்கு நான் சாவி போடுவேன். உன் ஆசைக்குப் பூட்டு போட எனக்குத் தெரியாதும்மா. ஆனா நீ போற அன்னிக்கு என்னை மேல பாருங்கன்னு மட்டும் சொல்லாத" என்றார்.

கிளட்ச் அக்கா விமானம் கற்றுக்கொண்டார். வகுப்பு இல்லாத காலைகளில் புல்தரைக்குப் போவார். பாடப் புத்தகத்தைச் சமையலறை அலமாரியில் சாய்த்துவைத்து, மேகங்களின் வகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே பாத்திரம் துலக்குவார். மாணவர் என்ற முறையில் அவர் ஒன்றும் சூரப்புலி இல்லை. விமானத்தின் வானொலிக் கருவியில் பேச வேண்டிய இடத்தில் வாய் குளறும். இறங்கும்போது இரண்டு துள்ளு துள்ளித்தான் விமானம் அடங்கும். ஒருநாள் கேப்டன் வழக்கம்போல ஏறாமல், கதவை வெளியிலிருந்து சாத்தினார். "ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துபோய்விட்டார். பக்கத்து இருக்கை காலியாக இருக்க, தான் பாட்டுக்கு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அக்கா வானத்தில் ஒரு சதுரம் போட்டுவிட்டு இறங்கினார். அன்றைக்குத் துள்ளவே இல்லை. சில மாதங்களில் உரிமமும் கைக்கு வந்தது.

அதே மாதத்தில்தான் இடி விழுந்தது. புல்தரை நகராட்சிக்குச் சொந்தம். குத்தகை முடியப்போகிறது. புதுப்பிக்காமல், அங்கே லாரி நிறுத்தம் கட்டலாம் என்று பேச்சு. இதில் அநியாயம் என்று சொல்லவும் முடியாது. சரக்கு லாரிகள் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நின்று ஊரே மூச்சுத் திணறியது. லாரி நிறுத்தம் வேண்டும் என்று முதல் ஆளாக நின்றவர் வேறு யாருமில்லை, அக்காவின் நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. காய்கறி மொத்த வியாபாரம். கடைத்தெருவில் அவர் குரல் கொடுத்தால் லாரி ஹாரன் தோற்கும்.

"ஏண்டி, ஊருக்கு லாரி முக்கியமா, நாலு பணக்காரக் கிழவனுங்க பொம்மை விடறது முக்கியமா?" என்று வீட்டுக்கே வந்து கேட்டார்.

"நான் பணக்காரியா அண்ணி?"

"நீ பைத்தியக்காரி. அது வேற கணக்கு."

அக்கா நகராட்சித் தலைவரைப் போய்ப் பார்த்தார். அவரும் அக்காவிடம் கார் கற்றவர்தான். நாற்காலியைவிட்டு எழுந்து நின்று வரவேற்றார். ஆனால் பேச்சில் பிடி கொடுக்கவில்லை. "நீங்களே சொல்லுங்கக்கா. சங்கத்துல மொத்தம் ஆறு பேரு. ஆறு பேருக்காக அவ்வளவு நிலத்தை வேலி போட்டு வெச்சிருந்தா நாளைக்கு ஜனங்க என்னைக் கேக்க மாட்டாங்களா? இது எங்க மைதானம்னு ஊரு சொல்லட்டும். அப்புறம் பாருங்க."

ஊர் சொல்ல வேண்டுமென்றால் ஊர் உள்ளே வர வேண்டும். அக்கா செய்த முதல் வேலை, கேட்டில் இருந்த அந்தப் பலகையைத் திருகாணி திருகாணியாகக் கழற்றியது. 'வாங்க, பாருங்க, ஓடுபாதையில் மட்டும் நிற்காதீங்க' என்று புதுப் பலகை மாட்டினார். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், "கண்டவங்களும் உள்ள வருவாங்களே" என்று முனகினார்.

"கண்டவங்க வரணும்னுதான் சார் எழுதியிருக்கேன்" என்றார் அக்கா.

அடுத்து, கொட்டகை மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த அந்தப் பழைய கூட்டை ஒரு லாரியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனார். காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் விமானத்தின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் மொய்த்தது. பிள்ளைகள் ஏறினார்கள், பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பெரியவர்கள் ஏறினார்கள். பேருந்து நடத்துநர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து, "ரைட், ரைட்!" என்று கத்தியபோது சந்தையே சிரித்தது. இதைக் கற்க ஊரை விற்க வேண்டியதில்லை, பத்துப் பதினைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு பழைய விமானம் வாங்கினால் ஆளுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் செலவுதான் என்று அக்கா தொண்டை வறளச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். "ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு வாங்க, மேல கூட்டிட்டுப் போறோம்" என்றார். அதற்கும் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கை வரவில்லை. வந்தது ஒரு நாய். அது காற்றுப் பையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் குரைத்துவிட்டுப் போய்விட்டது. கேப்டனும் மற்றவர்களும் துடைத்துவைத்த விமானங்களையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு அக்கா சாப்பாட்டை அளைந்துகொண்டே இருப்பதைப் பார்த்த வீட்டுக்காரர் மெதுவாகத் தொடங்கினார்.

"சந்தையில நான் ஒரு ஓரமா நின்னு கேட்டுட்டிருந்தேன். ஜனங்க என்ன கேட்டாங்க, கவனிச்சியா?"

"ஆயிரம் கேட்டாங்க."

"இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. எஞ்சின் நின்னா என்ன ஆகும்? எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. நீ சிரிச்சிட்டே 'அதெல்லாம் நிக்காது'ன்னு சொன்ன. கடைக்கு வர்றவங்க, 'இந்தப் பூட்டை யாராவது உடைச்சா'ன்னு கேப்பாங்க. 'உடைக்க மாட்டாங்க'ன்னு சொன்னா ஒருத்தனும் வாங்க மாட்டான். சுத்தியலை எடுத்து அவன் கையிலயே குடுத்து, 'நீயே உடைச்சுப் பாரு'ன்னுதான் சொல்லணும்."

அக்கா நிமிர்ந்தார். எஞ்சின் சக்தியைக் குறைத்துவிட்டு, மிதந்து வந்து இறங்குவது ஒன்றும் வித்தையில்லை. ஒவ்வொரு மாணவரும் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்வது. அவரே எத்தனையோ தடவை செய்திருக்கிறார். ஒருவருக்கும் காட்டத்தான் தோன்றவில்லை. பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கார் கற்க வருகிறவர்களைக் கேட்டவர், சந்தையில் அதைக் கேட்க மறந்துபோயிருந்தார்.

"மைக்ல யாராவது விளக்கிச் சொல்லணுமே. கேப்டன் பேசினா பாடம் எடுக்கற மாதிரி இருக்கும்" என்றார். பிறகு வீட்டுக்காரரையே பார்த்தார்.

"என்னையா? நான் மேலயே பார்க்க மாட்டேன்னு சொன்னேனே!"

"அதனாலதாங்க நீங்க பேசணும்."

இந்தத் தடவை தெருக்களில் ஒட்டிய சுவரொட்டியில் ஒரே வரிதான். 'எஞ்சின் நின்னா என்ன ஆகும்? ஞாயிறு காலை, நேரில் பாருங்க.' அதைப் படித்துவிட்டு வராமல் இருக்க யாரால் முடியும்? ஊர் திரண்டு வந்தது. வேலியோரம் முழுக்கத் தலைகள். தலைவர் வந்தார். நாத்தனாரும் வந்தார். "பிளேன் பார்க்க ஒண்ணும் வரல. என் தம்பி மைக்ல பேசுறானாமே, அதிசயம்! வீட்டுல வாயைத் திறந்து உப்பு பத்தலன்னு சொல்லாதவன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டு முன்வரிசையில் நின்றார்.

கேப்டன் பக்கத்து இருக்கையில் ஏறப்போனார். அக்கா தடுத்தார்.

"நீங்க உள்ள இருந்தா, கேப்டன் இறக்கிட்டாருன்னுதான் சொல்லுவாங்க சார். பூட்டுக் கடைக்காரர் பொண்டாட்டியே இறக்கினான்னு சொன்னாத்தான் நாளைக்கு அவங்க வருவாங்க."

கேப்டன் காற்றைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

வெள்ளை விமானம் ஏறியது. சுற்றிச் சுற்றி உயரே போய், மைதானத்துக்கு நேர் மேலே ஒரு சிறு சிலுவையாக நின்றது. வீட்டுக்காரர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைப் புல்லில் நட்டுவைத்து நின்றிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். மேல போயிருக்கறது என் வீட்டுக்காரி. இப்ப அவ எஞ்சினை அடக்கப் போறா. மூக்குல இருக்கற காத்தாடி சும்மா காத்துக்குச் சுத்தும், ஆனா இழுக்காது. அப்புறம் இறக்கைதான் வேலை செய்யணும். எனக்கு..." குரல் உடைந்தது. "எனக்கு மேல பார்க்கத் தைரியம் இல்லீங்க. நீங்க பார்த்து என்ன ஆகுதுன்னு எனக்குச் சொல்லுங்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அப்படியே அடங்கியது. ஏனென்றால் அந்த நேரத்தில் மேலே இருந்த உறுமலும் அடங்கியிருந்தது. காற்றுப் பை படபடப்பது கேட்டது.

"விழலைங்க!" முதலில் கத்தியவர் பேருந்து நடத்துநர். "அப்படியே நிக்குது!"

"நிக்கல, முன்னாடி போகுது. சறுக்கற மாதிரி!" என்றது இன்னொரு குரல்.

"திரும்புதுங்க! மரவாடிப் பக்கம் திரும்புது!"

"பயப்படாதீங்க அண்ணே, நல்லா வருது!"

ஒருவர் பின் ஒருவராக, ஊர் முழுக்க அவருக்குச் சேதி சொன்னது. சொல்லச் சொல்ல, ஒவ்வொருவரும் தானே அந்த விமானத்தை ஓட்டுவதுபோல உடம்பைச் சாய்த்தார்கள்.

மேலே அக்காவின் நிலைமை அத்தனை சுலபமாக இல்லை. காற்று நினைத்ததைவிடக் குறைந்திருந்தது. ஓடுபாதைக்கு வரும்போது உயரம் அதிகமாகிவிட்டது. இப்படியே போனால் பாதையைத் தாண்டி வேலியில்தான் போய் நிற்க வேண்டும். எஞ்சினை முடுக்கி இன்னொரு சுற்று வரலாம், ஆபத்தில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அக்கா ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப் பக்கக் காலை அழுத்தி, விமானத்தைக் குறுக்காகச் சரித்தார். பயிற்சியில் கற்றதுதான். அப்படிச் சரிந்தால் வேகம் கூடாமல் உயரம் மட்டும் மளமளவென்று குறையும்.

"ஐயையோ, சாயுதே!" என்று கூட்டம் அலறியது. அந்த அலறலில் வீட்டுக்காரர் தன்னை மறந்து தலையைத் தூக்கிவிட்டார். அவர் கண் முன்னாலேயே வெள்ளை விமானம் நிமிர்ந்தது. சத்தமே இல்லாமல் புல்லின் மேல் மிதந்து வந்தது. சக்கரம் புல்லைத் தொட்டது எப்போது என்றே ஒருவருக்கும் தெரியவில்லை. உருண்டு, தளர்ந்து, ஓடுபாதையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

மைக்கில் எல்லோருக்கும் கேட்டது ஒரு நீண்ட பெருமூச்சு. அப்புறம் ஒரு வார்த்தை: "இவ்வளவுதானா!"

அந்த 'இவ்வளவுதானா'வுக்கு விழுந்த கைத்தட்டலில் மரவாடியின் புறாக்கள் அத்தனையும் எழுந்து பறந்தன. அக்கா கதவைத் திறந்து இறங்கினார். விமானத்தின் மேல் சாய்ந்துகொண்டு கேட்டார்: "எஞ்சின் நின்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுதா? இறங்கிடும். அவ்வளவுதான். யாரு முதல்ல ஏறுறீங்க?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாத்தனார் முன்னால் வந்தார்.

"இவளே இறக்கறான்னா அதுல என்ன பெரிய பயம்? நான் ஏறுறேன்."

ஒரு சின்னச் சிக்கல் வந்தது. ஏறுகிறவர்களின் எடையைப் பார்க்காமல் விமானத்தில் ஏற்றக் கூடாது. கொட்டகையில் மூட்டை நிறுக்கும் தட்டுத் தராசு ஒன்று தயாராக இருந்தது. நாத்தனார் அதை உற்றுப் பார்த்தார்.

"இது என் கடைத் தராசாச்சே! எவன் எடுத்துட்டு வந்தது?"

மைக் பிடித்திருந்த தம்பி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என் தராசுல என்னையே நிறுக்கறியாடா? சரி, நிறு. ஆனா முள்ளை நீ மட்டும் பாரு. மைக்கை மொதல்ல அணை!"

நீல விமானத்தில் கேப்டன் ஓட்ட, நாத்தனாரும் வேறு இருவரும் ஏறினார்கள். போகும்போது இருக்கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தவர், திரும்பி வரும்போது கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார். இறங்கியதும் நேராகத் தலைவரிடம் போனார்.

"தலைவரே, மரவாடிக்கு அந்தப் பக்கம், கால்வாய் ரோட்டை ஒட்டி ஒரு பெரிய இடம் புதர் மண்டிக் கிடக்கே. அது யாரோடது?"

"எந்த இடம்? அங்க மதில் சுவர்தானே இருக்கு?"

"கீழ இருந்து பார்த்தா மதில்தான் தெரியும். மேல இருந்து பார்த்தேன். அம்பது லாரி நிறுத்தலாம். என் கடைக்கும் இதைவிடக் கிட்ட."

தலைவர் விழித்தார். கூட இருந்த நகராட்சி ஊழியர் தலையைச் சொறிந்துகொண்டு, "அது நம்ம இடம்தான் சார். பழைய குழாய்க் கிடங்கு. யாரும் அந்தப் பக்கம் போறதில்ல" என்றார்.

"நம்ப முடியலையா? வாங்க, காட்டுறேன்" என்று நாத்தனார் தலைவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தராசுக்குக் கூட்டிப்போனார். அடுத்த சுற்றில், ஜன்னலோரத்தில் தலைவர், பின்னால் நாத்தனார். கால்வாய்க்கு மேலே விமானம் திரும்பியபோது அவர் தலைவரின் தோளைத் தட்டி, "அதோ, அதோ பாருங்க" என்று காட்டிய சத்தம் எஞ்சினையும் மீறிக் கேட்டது என்று கேப்டன் பின்னால் சொன்னார். அன்று சாயங்காலம் வெயில் தாழும்வரை விமானங்கள் ஓயவில்லை. அடுத்த நகராட்சிக் கூட்டத்தில் லாரிகள் குழாய்க் கிடங்குக்குப் போவதென்றும், புல்தரை சங்கத்துக்கே தொடர்வதென்றும் ஒருமனதாக முடிவானது.

கொட்டகையில் இப்போது உட்கார இடமில்லை. பேருந்து நடத்துநர், சலவைக் கடைக்காரரின் தங்கை, பல் மருத்துவர், பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா என்று பதினான்கு பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய இரட்டை இருக்கை விமானத்தை வாங்கினார்கள். அதைக் கழுவுவதற்கே முறைவைத்துச் சண்டை போடுகிறார்கள். நாத்தனார் கற்றுக்கொள்ளவில்லை. "ஓட்டறதுக்கு ஆள் இருக்கும்போது நான் எதுக்கு ஓட்டணும்?" என்பது அவர் கட்சி. ஆனால் வாரம் ஒருமுறை ஜன்னலோரம் அவருக்கு வேண்டும். வீட்டுக்காரர் இன்றுவரை விமானத்தில் ஏறவில்லை. அக்காவும் வற்புறுத்தவில்லை. ஞாயிறு தவறாமல் மைக்கின் முன் நிற்கிறார், தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு. இறங்குகிற ஒவ்வொரு விமானத்துக்கும் அவர் சொல்லும் வர்ணனையைக் கேட்கவே ஒரு கூட்டம் வருகிறது.

அடுத்த வருடம், பனிக்காலம் முடிந்த ஒரு காலையில், மூன்று விமானங்களில் எட்டுப் பேர் கிளம்பினார்கள். அக்கா முன்னால் பறந்தார். மலைத்தொடரைத் தாண்டி, ஆற்றைப் பிடித்துக்கொண்டே போய், ஒரு சிற்றூரின் ஓரத்தில் எப்போதோ யாரோ போட்டுக் கைவிட்ட ஓடுபாதையில், உரிய அனுமதி வாங்கி இறங்கினார்கள். விரிசல்களில் புல் முளைத்த பாதை. சத்தம் கேட்டு வயலிலிருந்தும் வீடுகளிலிருந்தும் ஜனங்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். யாரோ பெரிய மனிதர்கள் இறங்கப்போகிறார்கள் என்று காத்திருந்தார்கள். முதலில் இறங்கியது பேருந்து நடத்துநர். அடுத்து சமையல்காரம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அதற்கும் அடுத்து அக்கா.

கையில் மண்வெட்டியோடு ஓடிவந்த ஒரு பெண் நெருங்கி வந்து, இறக்கையைத் தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். அக்கா தலையசைத்தார். அவள் சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"இதை எங்க மாதிரி ஆளுங்களும் ஓட்டலாமாக்கா?"

"உங்க மாதிரி ஆளுங்கதான் ஓட்டிட்டு வந்திருக்கோம்" என்றார் அக்கா. கதவை அகலத் திறந்து, இருக்கையைத் தட்டிக் காட்டினார். "மண்வெட்டியைக் கீழ வெச்சுட்டு ஏறி உக்காரும்மா. எது எதுக்குன்னு சொல்றேன்."